‘போல’ வந்தால் மட்டும் உவமையாகிவிடாது

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவி ஒருவரின் தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது: “‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம், உயிரில்லாத பொருள் பேசினால் தற்குறிப்பேற்றம் என்று என் மகள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் முன்பு படித்திராத பாடலைக் கொடுத்தால் என்ன அணி என்று சொல்ல முடியாமல் திணறுகிறாள். அணிகளை அடையாளம் காண நல்ல வழி உண்டா?”

வழி உண்டு. ஆனால் அந்தக் குறிப்பேட்டு விதிகள் மூன்றையும் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அவை முழுப் பொய்யல்ல. பாடநூலில் வரும் எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் பொருந்துகின்றன. அதனால்தான் மாணவர்கள் அவற்றை நம்பிவிடுகிறார்கள், புதிய பாடல் வந்ததும் தடுமாறுகிறார்கள்.

‘இன்று பின்னேரம் மழை வரும் போலிருக்கிறது’ என்று தோ பாயோ பேருந்து முனையத்தில் ஒருவர் சொன்னால், அங்கே ‘போல’ இருக்கிறது, உவமை இல்லை. அந்தச் சொல் அங்கே ஊகத்தைக் காட்டுகிறது. ‘அக்காளைப் போலவே தங்கையும் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்தாள்’ என்ற வாக்கியத்தில் ஒப்பீடு இருக்கிறது, ஆனால் அணி இல்லை. இரு மாணவிகளை ஒப்பிடுவதால் புதிதாக ஒரு காட்சி நம் மனத்தில் எழுவதில்லை. மறுபக்கம், ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு’ என்ற குறளில் ‘போல’ எங்குமே இல்லை. ஆனால் அது தெளிவான உவமையே. மணற்கேணி ஒரு தொடர், அறிவு ஒரு தொடர், இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ‘அதுபோல’ என்ற சொல்லை வள்ளுவர் நம்மிடம் விட்டுவிட்டார். இதை எடுத்துக்காட்டு உவமை என்பார்கள். மேலும், உருபு, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொல், என்றால் ‘போல’ ஒன்று மட்டுமன்று. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று பன்னிரண்டைச் சொல்லி, ‘பிறவும்’ என்று கதவைத் திறந்தும் வைக்கிறது. ஆகவே உருபைத் தேடிப் போகும் கண் பல உவமைகளைத் தவறவிடும், உவமையல்லாத சிலவற்றைப் பிடித்தும் கொள்ளும்.

உருபுக்குப் பதிலாகத் தேட வேண்டியவை இரண்டு பொருள்கள். கவிஞர் உண்மையில் பேசிக்கொண்டிருக்கும் பொருள் எது? அதைச் சொல்வதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்த பொருள் எது? முன்னதைப் பொருள் அல்லது உவமேயம் என்றும், பின்னதை உவமை அல்லது உவமானம் என்றும் சொல்கிறோம். இரண்டையும் கண்டுகொண்ட பிறகு மூன்றாவதாக ஒன்றைக் கேட்க வேண்டும்: இரண்டுக்கும் பொதுவானது என்ன, அது பாட்டிலே வெளிப்படையாக இருக்கிறதா, நாமே உணர்ந்துகொள்ள விடப்பட்டிருக்கிறதா? மாணவர்கள் குழம்பும் அணிகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்று கேள்விகளே பிரித்துக் காட்டிவிடும். எந்தப் பகுதி இருக்கிறது, எது மறைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அணியின் பெயர் மாறுகிறது.

மூன்றாவது கேள்வியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்’ என்று அதைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஒரு பொருள் இன்னொன்றைச் செயலில் ஒத்திருக்கலாம், விளையும் பயனில் ஒத்திருக்கலாம், வடிவில் ஒத்திருக்கலாம், நிறத்தில் ஒத்திருக்கலாம். மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அம்புகள் மழைபோலப் பொழிந்தன’ என்றால் ஒப்புமை செயலில் இருக்கிறது. ‘மாரி அன்ன கொடை’ என்றால் அது பயனில் இருக்கிறது. கைம்மாறு கருதாமல் எல்லாருக்கும் கிடைப்பது மழையின் பயன். ‘மழைபோல் கூந்தல்’ என்று பழைய பாட்டில் வந்தால் மழை என்பது கார்மேகம், ஒப்புமை நிறத்தில் இருக்கிறது. உவமை ஒன்றுதான், மூன்று இடங்களில் மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘மழை உவமையாக வந்துள்ளது’ என்று மட்டும் எழுதும் மாணவருக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே தெரியும்.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் உவமைத்தொடர்களைப் பட்டியலாகப் படிக்கிறார்கள். பசுமரத்தாணி போல, இலைமறை காய் போல, அனலில் இட்ட மெழுகு போல, உள்ளங்கை நெல்லிக்கனி போல என்று தொடரும் அதற்கான பொருளும் மனப்பாடமாகின்றன. புங்கோலிலோ உட்லண்ட்சிலோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பதினேழாம் மாடியில் வளரும் பிள்ளை பச்சை மரத்தில் ஆணி அடித்துப் பார்த்திருக்காது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஈரமுள்ள மரத்தில் ஆணி எளிதாக இறங்கும், மரம் காய்ந்ததும் அந்த ஆணியைப் பிடுங்குவது கடினம் என்பதை ஒருமுறை சொல்லிவிட்டால், இளமையில் கற்றது எளிதில் பதிந்து நிலைத்துவிடும் என்பதை அந்தப் பிள்ளை தானாகவே பெற்றுக்கொள்ளும். மணற்கேணியும் அப்படித்தான். வற்றிய ஆற்றின் மணலில் தோண்டும் ஊற்று அது. தோண்டத் தோண்ட நீர் சுரக்கும். தோண்டியவர் நீரை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றவில்லை, உள்ளே இருந்ததற்கு வழிவிட்டார். கல்வியைப் பற்றி வள்ளுவர் சொல்லவந்தது என்ன என்பது இந்த நுணுக்கம் தெரிந்த பிறகே முழுமையாக விளங்குகிறது.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டில் வரும் ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்ற வரிகளைப் பலரும் அறிவார்கள். ‘நீரும் மண்ணும் கலப்பதுபோல் நெஞ்சங்கள் கலந்தன’ என்று விளக்கம் எழுதி நிறுத்திவிடுவது வழக்கம். நீர் எந்த மண்ணிலும்தான் கலக்கும். செம்மண்ணை ஏன் சொல்ல வேண்டும்? நிறமற்ற மழைநீர் செந்நிலத்தில் விழுந்த நொடியிலேயே அந்த மண்ணின் நிறத்தை ஏற்கிறது. அதன் பிறகு இது மழைநீர், இது மண்ணின் செம்மை என்று பிரித்துக் காட்ட இயலாது. ‘உன் தாயும் என் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவினர்?’ என்று அந்தப் பாட்டு முன்பே கேட்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். எங்கோ வானத்தில் இருந்த நீரும் கீழே கிடந்த நிலமும் முன்பின் தொடர்பில்லாதவை. அந்தத் தொடர்பின்மையும் உவமைக்குள் சேர்ந்தே வந்திருக்கிறது. இந்தப் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செம்புலப் பெயனீரார் என்று உவமையையே பெயராக வைத்துத் தொகுத்திருக்கிறார்கள். நற்றிணையின் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் இவ்வாறே தம் உவமையால் பெயர் பெற்றவர்.

இனி உருவகத்துக்கு வருவோம். சோழர் காலத்தைச் சேர்ந்த அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், உவமைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றென்றே காட்டுவது உருவகம் என்கிறது. ‘போல’ இல்லாதது உருவகம் என்று அது சொல்லவில்லை, வேற்றுமை இல்லாதது உருவகம் என்கிறது, இரண்டும் வேறு. மணற்கேணிக் குறளில் ‘போல’ இல்லை, ஆனால் கேணி கேணியாகவும் அறிவு அறிவாகவும் தனித்தனியே நிற்கின்றன. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளிலோ பிறவியே கடலாகிவிட்டது.

ஆகிவிட்டதா இல்லையா என்பதை எப்படி அறிவது? வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள் என்பேன். அந்த வினை எந்தப் பொருளுக்கு உரியது? ‘நீந்துதல்’ கடலுக்கு உரிய வினை, பிறவிக்கு உரியதன்று. பேசப்படும் பொருள், கொண்டுவரப்பட்ட பொருளின் வினையை ஏற்றுக்கொண்டுவிட்டால் அங்கே உருவகம் நிகழ்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் சொற்றொடரின் அமைப்பும் உறுதிப்படுத்தும். ‘மலரடி’ என்பது மலர் போன்ற அடி. இது உவமைத்தொகை, இங்கே தலைமைச் சொல் ‘அடி’, ஆதலால் மலரடி நடக்கும், நோகும். ‘அடிமலர்’ என்பது அடியாகிய மலர். இது உருவகம், தலைமைச் சொல் ‘மலர்’, ஆதலால் அடிமலரைச் சூடலாம். ‘மலர்முகம் சிரித்தது’ என்போம், ‘முகமலர் வாடியது’ என்போம். எந்தச் சொல் பின்னால் நிற்கிறதோ அதற்கேற்ற வினையே வருகிறது. பிறவிக் கடல், சொல்லம்பு, கல்விச் செல்வம் ஆகியவற்றை இவ்வாறு ஒருமுறை சோதித்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இந்த வேறுபாடு மறக்காது.

அந்தக் குறளில் இன்னொன்றும் இருக்கிறது. பிறவியைக் கடலாக உருவகித்த வள்ளுவர், அதைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பமாக உருவகிக்கவில்லை. ஒரு பகுதியை உருவகித்து மற்றொன்றை விட்டுவிடுவதால் இது ஏகதேச உருவகம் ஆகிறது. இதற்கு மாறாக, எல்லாப் பகுதிகளையும் உருவகித்துக் காட்டுவது பூதத்தாழ்வாரின் ‘அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக இன்புருகு சிந்தை இடுதிரியா’ என்ற பாசுரம். அகல், நெய், திரி என்று விளக்கின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளத்தில் ஓர் ஈடு கிடைக்கிறது.

வினைச்சொல் சோதனை செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. நாளிதழைத் திறந்தால் ‘மறுவிற்பனை வீட்டுச் சந்தை சூடுபிடித்தது’, ‘பொருளியல் மீண்டு எழுந்தது’, ‘விலைவாசி ஏறியது’ என்று வாசிக்கிறோம். சூடுபிடிப்பது அடுப்பின் வேலை, எழுவது விழுந்தவரின் வேலை, ஏறுவது காலுள்ளதன் வேலை. பழகிப் பழகி இவை அணிகள் என்ற உணர்வே நமக்கு அற்றுப்போயிற்று. தேர்வில் இவற்றை யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும், வீட்டில் பயிற்சி தொடங்குவதற்கு இவற்றைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அருஞ்சொற்பொருள் தடை இல்லாமல் அணியை மட்டும் பார்க்க முடிகிறது.

உருபை நீக்கினோம், வேற்றுமையை நீக்கினோம். பேசவந்த பொருளையே நீக்கிவிட்டால் என்ன ஆகும்? ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’ என்ற குறளில் வண்டி இருக்கிறது, மயில் இறகு இருக்கிறது, அச்சு முறிகிறது. அரசன் இல்லை, பகைவர் இல்லை, போர் இல்லை. தனியாகப் படித்தால் இது வண்டியோட்டிக்குச் சொன்ன அறிவுரை. ‘வலியறிதல்’ என்ற அதிகாரத்தில் வைத்துப் படிக்கும்போதுதான், எளியவர்தானே என்று பலரையும் பகைத்துக்கொண்டால் வலிமையுள்ளவனும் முறிந்துபோவான் என்ற பொருள் வெளிப்படுகிறது. உவமையை மட்டும் சொல்லிப் பொருளைப் பெறவைக்கும் இதைப் பிறிதுமொழிதல் என்கிறோம். தண்டியலங்காரம் இதனை ஒட்டு என்ற பெயரில் பேசுகிறது. இதை அடையாளம் காணப் பாட்டுக்கு வெளியே பார்க்க வேண்டும். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொல்கிறார்? ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று பேச்சில் வரும்போது அங்கே யானை இல்லை என்பதை நாம் இயல்பாகவே அறிந்துகொள்கிறோம். பழமொழிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் இயங்குகின்றன. எனவே பழமொழி நன்றாகப் புரியும் பிள்ளைக்குப் பிறிதுமொழிதல் புதியதன்று, அந்தப் பெயர் மட்டுமே புதியது.

இதன் மிக நுட்பமான வடிவம் சங்க அகப்பாட்டின் உள்ளுறை உவமம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், ஆலங்குடி வங்கனார், ‘கழனி மாத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’ என்று தலைவனின் ஊரை வருணித்துத் தொடங்குகிறார். வயலோரத்து மாமரத்தில் பழுத்து உதிரும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது மருத நிலத்தின் வளம். ஆனால் பேசுபவள் காதற்பரத்தை, தலைவன் மனைவியை விட்டு நாடிச் சென்ற பெண். தான் எந்த முயற்சியும் செய்யவில்லை, தலைவனே வந்து விழுந்தான் என்பதை அவள் தன் வாயால் சொல்லாமல் பழத்தையும் மீனையும் கொண்டு சொல்லிவிடுகிறாள். அதே பாட்டின் முடிவில், நாம் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் ‘ஆடிப் பாவை போல’, கண்ணாடியில் தெரியும் உருவம்போல, தன் மனைவி விரும்பியதை எல்லாம் செய்கிறான் என்று வெளிப்படையான உவமையும் வருகிறது. ஒரே பெண், ஒரே மூச்சில், தன்னைப் பற்றிச் சொல்லும்போது உவமையை மறைக்கிறாள். அவனை இகழும்போது உவமையை வெட்டவெளியில் வைக்கிறாள். அணியின் வகையைக் கண்டுபிடிப்பது பேசுபவரின் மனத்தைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாட்டை என்னால் காட்ட முடியாது.

தற்குறிப்பேற்றம் பற்றிய மூன்றாவது குறிப்பேட்டு விதிதான் மிகுந்த தொல்லை தருவது. ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை, நெஞ்சு முதலியவை சொல்வன போலவும் கேட்பன போலவும் அமைத்துப் பாடலாம் என்று தொல்காப்பியர் செய்யுளியலில் பொதுவாகவே அனுமதித்திருக்கிறார். எனவே அஃறிணை பேசுவது செய்யுளின் பொது வழக்கு. அது தற்குறிப்பேற்றம் ஆவதற்கு இன்னொன்று தேவை: இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும், அதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்க வேண்டும், கவிஞர் அந்தக் காரணத்தை விட்டுத் தம் குறிப்பு ஒன்றைக் காரணமாக ஏற்ற வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. காற்று அடித்தால் கொடி அசையும், அதுதான் இயல்பு. இளங்கோவடிகளோ ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறார். வராதீர்கள் என்று கைகாட்டித் தடுக்கின்றனவாம். கம்பராமாயணத்தில் இராமன் மிதிலைக்குள் நுழையும்போதும் கொடிகள் அசைகின்றன. அங்கே நகரமே அந்தக் கொடிகளாகிய கைகளை நீட்டி ‘ஒல்லை வா’, விரைந்து வா, என்று அழைக்கிறது. அதே கொடி, அதே காற்று. ஓரிடத்தில் கொலைக்களம் காத்திருக்கிறது, மற்றோரிடத்தில் திருமணம் காத்திருக்கிறது என்பது கவிஞருக்குத் தெரியும், அந்த அறிவைக் கொடிகளின்மேல் ஏற்றிவிடுகிறார். இந்த இரண்டு பாடல்களிலும் ‘என்பனபோல்’, ‘அழைப்பது போன்றது’ என்று போல உருபு இருப்பதைக் கவனியுங்கள். குறிப்பேட்டு விதியின்படி உங்கள் மகள் இரண்டையும் உவமை என்றே எழுதியிருப்பாள்.

இதை வீட்டில் பழக்க ஆகஸ்டு மாதம் நல்ல வாய்ப்பு. தேசிய தினத்தை முன்னிட்டு வீவக அடுக்குமாடிகளின் தாழ்வாரங்களில் கொடிகள் தொங்கும்போது, அவற்றைப் பற்றி மூன்று வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். ‘செம்பருத்திப் பூக்கள் போலக் கொடிகள் தெரிந்தன’ என்பது உவமை. ‘மாடிதோறும் கொடிகள் பூத்தன’ என்றால் பூவின் வினை கொடிக்கு வந்துவிட்டது, ஆகவே உருவகத்தின்பாற்படும். ‘ஒன்பதாம் தேதியை விரைந்து வரச்சொல்லிக் கொடிகள் கையசைத்தன’ என்றால் காற்றின் வேலைக்கு வேறு காரணம் கற்பித்தாயிற்று, தற்குறிப்பேற்றம். தானே எழுதிப் பார்த்த மாணவி பிறர் எழுதியதில் அதை எளிதாகக் கண்டுகொள்வாள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒப்புமை. ஒப்புமையே இல்லாமல் ஒன்றன் பெயர் இன்னொன்றுக்கு ஆகிவரும் இடங்களும் உண்டு. அவற்றை உருவகத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘தைப்பூசத்துக்குத் தேக்காவே திரண்டுவிட்டது’ என்றால் திரண்டது இடமன்று, அங்குள்ள மக்கள். உணவகத்தில் பரிமாறுபவர் ‘எட்டாம் மேசை இன்னொரு தோசை கேட்கிறது’ என்று சமையலறையை நோக்கிக் குரல் கொடுத்தால், மேசைக்குப் பசிக்கவில்லை. மேசைக்கும் அங்கே அமர்ந்திருப்பவருக்கும் ஒப்புமை எதுவும் கிடையாது. அருகிருக்கும் தொடர்பு மட்டுமே உண்டு. இதுவே ஆகுபெயர். இது அணியியலில் அன்றிச் சொல்லிலக்கணத்தில் பேசப்படுவதால் மாணவர்கள் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. உவமையாகுபெயர் என்ற ஒரு வகையில் மட்டும் ஒப்புமை உள்ளே வருகிறது. ‘காளை வந்தான்’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு. எஞ்சியவற்றில் இடம், காலம், உறுப்பு, பண்பு, கருவி என்று தொடர்புதான் வேலை செய்கிறது.

நம் நாட்டைச் ‘சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளி’ என்று சொல்கிறோம். 1998இல் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஹபிபி வரைபடத்தைக் காட்டிப் பேசியதிலிருந்து பரவிய தொடர் இது. இதை உருவகம் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நான் அதை முதலில் ஆகுபெயராகவே கொள்வேன். நாடு புள்ளியைப்போல இருக்கிறது என்பதைவிட, வரைபடத்தில் நாட்டைக் குறிக்கும் அடையாளம் நாட்டுக்கே பெயராக ஆகிவந்தது என்பதே பொருத்தம். சிறுமை என்ற ஒப்புமை பிறகு அதன்மேல் ஏறிக்கொண்டது; அதன் பிறகு அந்தத் தொடரை நாமே பெருமையோடு எடுத்துக்கொண்டோம். ஒரே தொடர் ஆகுபெயராகத் தொடங்கி உருவகமாகவும் வளர முடியும் என்பதை மாணவர்களுக்குக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

சில அணிகளை வாக்கிய அமைப்பைக் கொண்டு கண்டுபிடிக்கவே இயலாது. உயர்வு நவிற்சி எளிது. நடக்க முடியாத அளவு சொல்லப்பட்டிருந்தால் அதுதான். சிலேடைக்கு, ஒரு தொடர் இரண்டு பொருளுக்கும் முழுமையாகப் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்: காளமேகப் புலவரின் வெண்பாவில் ‘நஞ்சிருக்கும் தோலுரிக்கும்’ என்பது பாம்புக்கு விடமும் சட்டையும், வாழைப்பழத்துக்கு நைந்திருத்தலும் தோலும். ஆனால் வஞ்சப்புகழ்ச்சிக்குச் சூழல் தெரிந்தாக வேண்டும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களைப் பார்த்து, இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்கிறார். அடுத்து, எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. சொற்களை மட்டும் எடுத்தால் தொண்டைமானுக்குப் புகழ், அதியமானுக்கு இகழ். ஆயுதத்துக்கு உரியது பீலியா, பகைவரின் உடலா என்று கேட்டவுடன் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. தூது சென்ற இடத்தில், பகைவனின் அவையில் நின்று, ஒரு சுடுசொல்லும் இல்லாமல் இதைச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேர்வில் விடை எழுதும்போது அணியின் பெயரை எழுதி, அதன் இலக்கண விதியை ஒப்பித்து நிறுத்திவிடுவது பல மாணவர்களின் வழக்கம். பொருள் எது, உவமை எது, பொதுத்தன்மை எது என்ற மூன்றையும் அந்தப் பாட்டின் சொற்களைக் கொண்டே காட்டிவிட்டு, அதன் பிறகு பெயரை எழுதப் பழக்குங்கள். ஒரு பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் இருக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்ற குறளை எடுத்துக்கொண்டால், தீ ஒன்று, கடுஞ்சொல் மற்றொன்று. இரண்டும் சுடுவதில் ஒத்திருக்கின்றன, ஆறுவதில் வேறுபடுகின்றன. ஒப்புமையைக் காட்டிப் பிறகு வேறுபடுத்துவதால் இது வேற்றுமை அணி. மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. இப்போது வினைச்சொல்லையும் சோதியுங்கள்: சுடுவது நெருப்பின் வினை, நாவின் வினையன்று, ஆகவே வேற்றுமை அணிக்கு உள்ளே ஓர் உருவகமும் ஒளிந்திருக்கிறது. தீயால் வந்ததைப் ‘புண்’ என்றும் நாவால் வந்ததை ‘வடு’ என்றும் வள்ளுவர் சொல்லை மாற்றியிருப்பதற்கும் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார்: முன்னது ஆறிப்போவதால் புண், பின்னது ஆறாமல் நிலைத்திருப்பதால் வடு. உங்கள் மகள் இந்த ஒரு குறளை இவ்வாறு விரித்து எழுதிப் பார்க்கட்டும். பிறகு இதே முறையில், பாடநூலில் இல்லாத குறள் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து எழுதட்டும்.